பட்டறைக்குப் போகாத மனிதர்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் நீண்டு கிடக்கும் கடலோரப் பிரதேசத்தில், தெருவுக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க விகிதத்தில், ஒருவகை மனிதர் வாசம் செய்கிறார். 1948-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்கென்று பிறந்த நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டதே, அதன் எண்ணூர்த் தொழிற்சாலையிலோ, திருவொற்றியூர் என்ஃபீல்டிலோ, துறைமுகத்திலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அல்லது அப்படி ஓய்வு பெற்றவருடைய பிள்ளை. அதுவும் இல்லையென்றால் மருமகப்பிள்ளை. தம்முடைய கார் அந்நியர் கைபட்டுக் குணமடைவதைத் தம் வம்சத்துக்கே நேர்ந்த அபகீர்த்தியாகக் கருதுவதுதான் இவருடைய பிரதான லட்சணம்.

பிரேக் கட்டை, கிளட்ச் கேபிள் முதலிய சில்லறை விவகாரங்களில் இவருடைய மகிமை முழுவதும் வெளிப்படாது. அதற்குப் பழைய டீசல் கார் ஒன்றின் டர்போ கெட்டுப்போக வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரியை முந்தப் பார்த்து, முந்த மாட்டாமல் ஊளையிட்டு, நீலப்புகை கக்கியபடி கார் வீடு வந்து சேர்கிற மாலையில், குடும்பமே துக்கித்திருக்க, இவர் முகத்தில் மாத்திரம் கல்யாணக் களை கூத்தாடும். மனைவி வாய் திறப்பதற்குள், 1905-இல் ஆல்ஃபிரெட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் இதற்குப் பேட்டன்ட் பெற்ற சரித்திரம் ஆரம்பமாகிவிடும். வீணே வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் யுக்தி அது என்பதும், சிறிய கார்களில் அந்த அச்சு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை சுழலக்கூடும் என்பதும், அத்தனை வேகத்தையும் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே என்பதும் அந்த அம்மையாருக்கு ஏற்கெனவே மனப்பாடம். “ஏங்க, அந்த எண்ணெயைத்தான் நீங்க மாத்தவே இல்லையே?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு மட்டும் எந்தச் சாஸ்திரத்திலும் விடை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கும். கைபேசிப் படத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் சீட்டியடித்துக்கொண்டே பழைய டர்போவைக் கழற்றிவிடுகிறார். ஆனால் அவர் வடசென்னையின் கடற்காற்றைச் சுவாசித்தவரல்லர். உப்பும் எக்ஸாஸ்ட் சூடும் வருஷக்கணக்கில் கூடிச் சதி செய்து, மேனிஃபோல்டு நட்டுகளைத் துருவால் இறுக்கி வைத்திருக்கும். எண்ணெய்விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, சுத்தியலால் தட்டி, சாம தான பேதமெல்லாம் பிரயோகித்த பிறகு, மற்ற நட்டுகள் மரியாதையாகக் கழன்றுவர, கடைசி நட்டு ஸ்டட்டோடு முறியும். முறிந்ததை எடுக்க லேத்துக்காரரை வீட்டுக்கு அழைப்பது பட்டறைக்குப் போனதாகாது என்று இவர் அந்த க்ஷணமே ஒரு விதிவிலக்கு இயற்றிக்கொள்வார்.

“இன்னா சார், வண்டிய அப்டியே ஷெட்டுக்குத் தள்ளிகினு வந்துருக்கலாமே?”

“நீ ஸ்டட்ட மட்டும் எடுப்பா. மத்தத நான் பாத்துக்கறேன்.”

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவசரக்காரர்கள் பலர், பழைய எண்ணெய்க் குழாயில் கரி அடைத்திருப்பதைக் கவனியாமல் புதிய டர்போவைப் பூட்டி, அதற்கும் எண்ணெய் போகவிடாமல் செய்து, வந்த வழியே அனுப்பிவிடுகிறார்கள். இவரோ குழாயை மாற்றி, கேஸ்கெட் மாற்றி, மனைவியின் கண்ணைப் பாராமல் எஞ்சின் எண்ணெயையும் மாற்றி, குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவதைப் போல டர்போவின் துவாரத்தில் புது எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விட்டு, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்த பிறகே சாவியைத் தொடுவார். இந்தச் சிரத்தையைக் கூலிக்கு வாங்குவது கடினம் என்பதே என் அபிப்பிராயம்.

எஞ்சின் உயிர் பெற்றதும், எக்ஸாஸ்ட் குழாயில் தேங்கிய பழைய எண்ணெய் எரிந்து தெருவைப் புகை மூடும். மாநகராட்சியின் கொசுமருந்து வண்டி வந்துவிட்டதென்று பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடிவருவார்கள். எதிர்வீட்டு அம்மாள் மாடியில் உலர்த்திய துணிகளை அள்ளிக்கொண்டு, யாரையும் பெயர் குறிப்பிடாமல் ஆசீர்வதிப்பார். புகை அடங்கியபின் குடும்பம் வடிவுடையம்மன் கோயிலுக்குப் புறப்படும். போய்ச் சேர்ந்ததும் ஒருவரும் இறங்கக் கூடாது. ஓடிவந்த டர்போவின் சூடு தணியுமுன் எஞ்சினை அணைப்பது மகாபாவம் என்று விளக்கி முடிப்பதற்குள் நடை சாத்திவிடுவார்கள்.

உதிரிபாகம் வாங்கப் புதுப்பேட்டைக்கு ஆட்டோவில் போய்வந்த செலவும், லேத்துக்காரர் கூலியும், முறிந்த ஸ்பானரின் விலையும் இவர் கணக்கில் ஏறுவதில்லையாதலால், ஒவ்வொரு முறையும் பெருந்தொகை மிச்சமாகிறது. அது எங்கே இருக்கிறதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

திருவொற்றியூர்ப் பக்கம் காரில் செல்லும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டி எவ்வளவு புகைந்தாலும் இவர் வாசலில் நிறுத்தி பானெட்டைத் திறந்துவிடாதீர்கள். திறந்தாயிற்று என்றால், ஊர் திரும்புவதற்குக் கவலை வேண்டாம். 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது.