பச்சோந்திக்குக் கட்டிய பரிவட்டம்

கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்னும் விஷயத்தில் நம் தென்சீமையில் மூண்ட கலகங்களையும், அவற்றின் நிமித்தம் நீதிமன்றப் படிகளில் தேய்ந்த செருப்புகளையும் கணக்கெடுக்கப் புகுந்தால், அதற்கென்றே தனி இலாகா ஒன்றை ஏற்படுத்த வேண்டியிருக்கும். தலையில் சுற்றிக்கொள்ளும் ஒரு முழத் துணிக்காகப் பங்காளிகள் தலைமுறைக் கணக்கில் பேசாதிருப்பதைக் கண்டு நகைப்பவர்கள், தங்கள் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளே அல்லும் பகலும் நடக்கும் பரிவட்டச் சண்டையைக் கவனித்ததில்லை போலும். ஒரு கோப்பின்மேல் இரண்டு தட்டுத் தட்டினால் அதைத் திறந்துவைக்கும் பாத்தியதை எந்த மென்பொருளுக்கு உரியது என்பதுதான் அங்கே வழக்கு. படம் காட்டுவதற்கென்று ஒன்றை நிறுவினால், அது காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்கு முன்பே, ‘இனிமேல் இந்த வீட்டுப் படங்களையெல்லாம் நானே திறக்கலாமா?’ என்று கேட்கிறது. பிரவுசரோ, ‘நான் இன்னும் உங்கள் டீஃபால்ட் ஆகவில்லையே’ என்று நாள்தோறும் அங்கலாய்க்கிறது.

இதை அற்ப ஆசை என்று தள்ளிவிடுவதற்கில்லை. தன் பிரவுசரையே எல்லோர் தலையிலும் கட்டாமல், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் திரை ஒன்றைக் காட்டுவதாக ஐரோப்பிய ஆணையத்திடம் வாக்களித்துவிட்டு, அதைக் காட்டத் தவறிய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு 2013இல் 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில் தேடித்தரும் ஊழியம் தனக்கே கிடைக்க வேண்டும் என்பதற்காக கூகுள் 2022ஆம் ஆண்டில் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்த சங்கதி, பின்னர் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. முன்னால் எடுத்து வைத்ததை மனிதன் மாற்றமாட்டான், அத்தனை சோம்பேறி அவன் என்னும் திட நம்பிக்கைக்குச் சந்தையில் கிடைத்த விலை அது. இவ்வளவு கிராக்கியான மரியாதையை, ஒரு காசும் வாங்காமல், அதைக் கேட்டே இராத ஒருவனுக்கு, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி தாரைவார்த்துக் கொடுத்த மகானுபாவன் என் தங்கை மகன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்கே மலையும் சுற்றிலும் தென்னையும் மாவுமாக இருக்கிற மம்சாபுரத்தில், நூற்பாலைக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற என்னைப் போன்ற ஒருவனுக்குக் கம்ப்யூட்டரால் ஆகவேண்டிய காரியம் சொற்பம். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய காலத்தில் என் மகள் பெற்றுவந்ததும், அவள் மணமாகிப் போன பின் சீதனப் பட்டியலில் இடம்பெறாது பிறந்தகத்திலேயே தங்கிவிட்டதுமான மடிக்கணினி ஒன்று எங்களிடம் உண்டு. ஆடிப்பூரத் தேர் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த, தங்கை மகனாகிய அந்த மருமகன், தேர் நிலைக்கு வந்த பிறகும் நிலைகொள்ளாத கையோடு அதைத் திறந்து உட்கார்ந்தான்.

“மாமா, இதுல கண்டதையும் கண்டதும் தொறக்குது. ஆபத்து. எல்லாத்தையும் டெக்ஸ்ட் எடிட்டர்ல தொறக்குற மாதிரி வச்சிட்டேன். இனிமே எந்த வைரஸும் வாலாட்டாது” என்றான்.

“எல்லாத்தையுமா?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும்” என்று சொல்லிவிட்டு, கால் கிலோ பால்கோவாவோடு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்விட்டான்.

அவன் பட்டம் கட்டிவிட்டுப் போனது நோட்பேட் பிளஸ் பிளஸ் என்னும் மென்பொருளுக்கு. டான் ஹோ என்பவர் 2003இல் வெளியிட்டது; இலவசம்; அதன் சின்னம் ஒரு பச்சைப் பச்சோந்தி. மறுநாள் காலையில் மடிக்கணினியைத் திறந்தபோது, ‘மை கம்ப்யூட்டர்’, குப்பைத்தொட்டி ஆகிய இரண்டு நீங்கலாகத் திரையில் இருந்த அத்தனை படங்களும் பச்சோந்தியாக மாறியிருந்தன. பிரவுசர் இருந்த இடத்தில் பச்சோந்தி. வேர்டு இருந்த இடத்தில் பச்சோந்தி. சீட்டு விளையாட்டுக்கும் அதே. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல்நிற அணில்களுக்கென்று 1988இல் அரசாங்கம் சரணாலயம் அமைத்தது. 2021இல் அந்தக் காட்டைப் புலிகளுக்கும் காப்பகமாக்கியது. விடுபட்டுப்போன பச்சோந்திகளுக்கு எங்கள் வீட்டிலேயே புகலிடம் கொடுத்துவிட்டான் பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன்.

காரணம் பிற்பாடு விளங்கிற்று. திரையில் நாம் தட்டுகிற படங்களில் பெரும்பாலானவை மென்பொருள்கள் அல்ல. மென்பொருள் எங்கே இருக்கிறது என்று கைகாட்டும் ஷார்ட்கட் என்னும் சிறு கோப்புகளே. அவற்றின் பெயருக்கு எல்.என்.கே. என்று கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈறு உண்டு. மருமகன் பட்டியல் போட்ட வேகத்தில் அந்த ஈறும் அகப்பட்டுக்கொண்டதால், எதைத் தட்டினாலும், கைகாட்டும் திசையில் போகாமல் கையையே விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது பச்சோந்தி. காட்டியதும் அதிகமில்லை: முதலில் ‘எல்’ என்று ஓர் ஆங்கில எழுத்து, அதன்பின் கறுப்புக் கட்டங்களுக்குள் ‘நல்’, ‘நல்’, ‘நல்’. வெறும் பூஜ்யத்துக்கு அந்த மென்பொருள் இட்டிருக்கும் அடையாளம் அது.

தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டு, ரெஜிஸ்ட்ரியைச் சரிசெய்யும் கோப்பு ஒன்றைக் கைப்பேசிக்கு அனுப்பி, வயர் வழியாக இறக்கித் தட்டச் சொன்னான். தட்டினேன். அதையும் பச்சோந்தியே திறந்தது. மருந்துச் சீட்டை வரிவரியாக வாசித்துக் காட்டியதே தவிர, மருந்தைக் கொடுக்கவில்லை. ரெஜிஸ்ட்ரிக் கோப்புகளின் ஈறும் அவன் பட்டியலில் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது வழி சொல்வதாகக் கூறினான். ஆக, அந்த ஞாயிறு வரையில் எங்கள் இல்லத்தில் ஏகசக்ராதிபத்தியம் நடந்தது.

அந்த ஆட்சிக் காலத்தில்தான் மாந்தோப்பு அண்ணாச்சி வந்தார். கண்மாய்க்குக் கிழக்கே நிலம் ஒன்று வாங்கப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தவர், அதன் வில்லங்கச் சான்றிதழைக் கடை ஒன்றில் இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, என்னைப் படித்துச் சொல்லும்படி கேட்டார். திறந்தேன். விழுக்காட்டுக் குறி, அதையடுத்து பி.டி.எஃப். என்று தொடங்கிய திரையில், ‘ஸ்ட்ரீம்’ என்று ஒரு சொல்லும், அதைத் தொடர்ந்து பக்கம் பக்கமாக அட்சரப் பிரளயமும், ‘எண்ட்ஸ்ட்ரீம்’ என்று ஒரு முடிவும், மறுபடி ஒரு பிரளயமும் தோன்றின. அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஏன் அண்ணாச்சி, இம்புட்டு வில்லங்கமா இருக்கு அந்த நெலத்துல?” என்றார்.

கோப்பில்தான் கோளாறு, நிலத்தில் இல்லை என்று நான் எவ்வளவு எடுத்துரைத்தும் அவர் முகம் தெளியவில்லை. விற்கிறவர் அந்த வாரத்திலேயே விலையைக் குறைத்ததாகக் கேள்வி. என் மனைவியின் விவகாரம் வேறு. மகளின் வளைகாப்புப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அவள் தட்டியபோது, ஜே.எஃப்.ஐ.எஃப். என்ற நான்கு எழுத்துகளும், அவற்றின் பின்னால் சீமைச் சந்தைக்கூட்டம்போல் நெருக்கியடிக்கும் குறிகளுமாகத் திரை நிறைந்தது. “நம்ம புள்ள மூஞ்சி இதுல எங்க இருக்கு?” என்று கேட்டாள். அந்தக் குறிகள் அத்தனையுமே பிள்ளையின் முகந்தான் என்பது சாஸ்திர ரீதியாக உண்மையாயினும், அதைச் சொல்லித் தப்பிக்கக்கூடிய வேளை அதுவன்று.

எனக்கோ, மெள்ள மெள்ள இதில் ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. மற்ற மென்பொருள்களெல்லாம் கோப்பை வாங்கி, அலங்காரம் செய்து, திரைக்குப் பின்னால் நடப்பது தெரியாமல் நாடகம் நடத்துகின்றன. இந்தப் பச்சோந்தி ஒன்றுதான், பெயருக்கு மாறாக, நிறம் மாற்றாமல் உள்ளதை உள்ளபடி விரிக்கிறது. வேர்டில் அடித்த கடிதம் ஒன்றைத் திறந்தபோது முதலிரண்டு எழுத்துகள் பி.கே. என்றிருந்தன. பிலிப் காட்ஸ் என்ற அமெரிக்கரின் இனிஷியலாம் அவை. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஜிப் முறையை 1989இல் வகுத்தவர் அவர். இக்காலத்து வேர்டு கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான். இயங்கும் மென்பொருள்களைத் திறந்து பார்த்தால் எம்.இசட். என்று தொடங்குகின்றன, அது மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல். எம்.இசட்டுக்குச் சற்றுக் கீழே, ‘இந்த நிரலை டாஸில் ஓட்ட முடியாது’ என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம் இன்றளவும் காத்திருக்கிறது. டாஸ் மறைந்து எத்தனையோ காலம் ஆன பின்பும், வராத விருந்தாளிக்கு வாசலில் மறுப்புச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தக் கடமையுணர்ச்சியை நான் மெச்சினேன். நூற்பாலையில் நாற்பது பேரேடுகளுக்கு முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்ட எனக்கு, இன்றுவரை ஒருவரும் இனிஷியல் கேட்டதில்லை.

தமிழ்க் கோப்புகளில் கிடைத்த அனுபவம் இதைக் காட்டிலும் ரசமானது. யூனிகோடில் அடித்த தமிழை அந்த முறையிலே படிக்காமல் மேனாட்டு எழுத்து முறையிலே படிக்கும்படி மெனுவில் எங்கோ மாறிப்போயிருந்தது. நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூட்டிஎஃப்-8 என்னும் முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் தனித்தனியே ஆங்கிலக் கண்ணால் பார்த்தால், முதலாவது, தலையில் கோடு போட்ட ஓர் ‘ஏ’; இரண்டாவது, பெரும்பாலும், வட்டத்துக்குள் எழுதிய ‘ஆர்’, அதாவது பதிவு செய்யப்பட்ட வியாபாரச் சின்னம் என்பதைக் காட்டும் குறி. கடைக்கணக்கு ஒன்றில் ‘பால்கோவா’ என்று இருந்த இடத்தில், நாலே எழுத்துள்ள அந்த ஒரு சொல்லில் மட்டும் அந்த வட்டக் குறி 6 முறை வந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019இல்தான் கிடைத்தது. பச்சோந்தி அதற்கு முன்பே எழுதிவைத்த கோப்பிலும் ஆறு பதிவுகளைத் தயங்காமல் வழங்கியிருந்தது. யூனிகோடுக்கு முந்திய சமாசாரம் இன்னும் விசேஷம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய திருமண அழைப்பு ஒன்றில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நின்றது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டு ஏமாற்றிய காலம் அது. முகமூடியைக் கழற்றியதும் மணமக்களின் பெயர்கள் மட்டுமல்ல, நல்வரவை நாடிய பெரியோர்கள் வம்சாவளியும் அந்நியமாகிவிட்டது.

மருமகனுடைய பட்டியல் அத்துமீறியது என்றாலும் அதன் மூலக் கருத்து மூடத்தனமானதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, மணிலாவிலிருந்து புறப்பட்ட ஒரு காதல் கடிதம் உலகத்தின் மின்னஞ்சல் பெட்டிகளையெல்லாம் கலக்கிற்று. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மின்னஞ்சலையே நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. அக்கோப்பின் பெயர் டி.எக்ஸ்.டி. என்று முடிவதுபோல் தோன்றும். உண்மையில் அதற்குப் பின்னால் வி.பி.எஸ். என்று இன்னோர் ஈறு ஒளிந்திருந்தது. தெரிந்த ஈறுகளைக் காட்டாமல் மறைத்துவைப்பதே விண்டோஸின் சம்பிரதாயமாகையால், சாதாரண எழுத்துக் கோப்பு என்று நம்பித் தட்டியவர்கள், தங்கள் படங்களைத் தாங்களே அழித்து, முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே காதல் கடிதத்தை அனுப்பிவைத்தார்கள். வி.பி.எஸ். ஈற்றுக்கு உரிய பரிவட்டம், கட்டளையைக் கண்டதும் நிறைவேற்றும் மென்பொருளின் தலையில் இருந்ததால் வந்த வினை. நோட்பேடின் தலையில் இருந்திருந்தால், உலகம் அக்கடிதத்தை வாசித்து, நடையைக் குறைகூறி, கிழித்துப் போட்டிருக்கும். அலுவலகங்களில் கம்ப்யூட்டர் காவல் பார்ப்பவர்கள் வி.பி.எஸ்., ஜே.எஸ். போன்ற ஈறுகளை நோட்பேடுக்கே எழுதிவைத்துவிடும்படி சொல்வதும் இதனால்தான். எங்கள் வீட்டிலும் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில், போகும்போது இல்லாத, கவர்ச்சியான பெயருள்ள வி.பி.எஸ். கோப்பு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. தட்டினேன். தன்னை எங்கே நகலெடுத்துக்கொள்ள வேண்டும், எந்தக் கோப்புகளை ஒளித்துவைக்க வேண்டும் என்று அது தீட்டியிருந்த சதித்திட்டம் முழுவதும் பச்சோந்தியின் திரையில் வெள்ளை இங்கிலீஷில் விரிந்தது. படித்து முடித்து நிம்மதியாக அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் சொல்லச் சொல்ல, விண்டோஸ் பொத்தானையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அமுக்கி, ரெஜிஸ்ட்ரிக்குள் நேரே புகுந்து, எல்.என்.கே.யின் கீழ் இருந்த ஒரு சாவியை நீக்கினோம். பச்சோந்திகள் விலகின, பழைய முகங்கள் திரும்பின. அதன்பின் பாகப்பிரிவினை நடந்தது. படங்கள் படம் காட்டுவதற்கு, பி.டி.எஃப். அதற்குரிய வாசிப்பானுக்கு, பாட்டு பாட்டுக்காரனுக்கு என்று என் மனைவி ஒவ்வொன்றாகச் சொல்ல, வலது பக்கம் தட்டி, ‘எப்போதும் இதிலேயே’ என்ற கட்டத்தில் நான் குறியிட்டுக்கொண்டே போனேன். வி.பி.எஸ்., ஜே.எஸ்., ரெஜிஸ்ட்ரி ஆகிய வம்புக்கார ஈறுகள் மட்டும் பச்சோந்தியிடமே விடப்பட்டன.

இவ்வளவும் ஒழுங்குக்கு வந்த நிலையில், அடுத்த ஆடிப்பூரத்துக்கு வரும்போது விம் என்னும் எடிட்டரை நிறுவித் தருவதாக மருமகன் உற்சாகத்தோடு தெரிவித்தான். 1991இல் பிராம் மூலநார் என்ற டச்சுக்காரர் வெளியிட்ட உத்தமமான கருவியாம் அது. ஆனால் உள்ளே நுழைந்த புதியவர்கள் வெளியேறும் வழி தெரியாமல் தவிப்பது உலகப் பிரசித்தம் என்பதையும் அவனே சொன்னான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “அத்தை சொல்றேன்னு வச்சுக்கய்யா. நீ வா, தேர் பாரு, பால்கோவா தின்னு. மடிக்கணினி பீரோவுக்குள்ள இருக்கும், சாவி எங்கிட்ட இருக்கும்” என்றாள்.