யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரைப் பற்றித் தெரிந்தவர்கள் சென்னையில் ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசையில் அடங்கிவிடுவார்கள். அதில் பாதிப்பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என் அத்தான் அந்த வரிசையில் தனக்கு ஓர் இலை போட்டுக்கொண்டதுதான் இந்தக் கதை.

ஸ்பிட்ஃபயர் 1962-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்த இரண்டு இருக்கை வண்டி. உருவம் கொடுத்தவர் ஜொவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பெயர், இரண்டாம் உலகப் போரின் விமானத்துடையது. இத்தனை பெருமையும் மேலே. குனிந்து அடியில் பார்த்தால், நம்ம வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அதே சேசிஸ், நீளத்தைக் கொஞ்சம் குறைத்தது. “புதுப்பேட்டையில் ஹெரால்டு சாமான் கிடைக்கிறவரை கவலையே இல்லை மாப்ளே” என்பார் அத்தான். புதுப்பேட்டையில் ஹெரால்டு சாமான் கிடைத்து எத்தனை காலமாயிற்று என்பதை நான் கேட்கவில்லை. ஆசையில் இருக்கிறவரிடம் சரக்கு இருப்பு கேட்கக் கூடாது.

தமிழ்நாட்டில் விலைக்கு வரும் பழைய கார் எதுவும் சாதாரண மனிதரிடம் இருந்ததாக வரலாறு கிடையாது. ஒன்று ஜமீன், அல்லது சினிமா, அதுவும் இல்லையென்றால் நீலகிரித் தோட்டத் துரை. விற்க வந்தவர், அத்தான் பார்க்கப் போன 1968 ஸ்பிட்ஃபயர் மார்க் 3-க்கு மூன்றையும் சேர்த்தே கொடுத்தார். துரை ஜமீனுக்குத் தந்து, ஜமீன் ஒரு கதாநாயகருக்குத் தந்ததாம். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் ஏனோ ஒரு பல் டாக்டரும் அவருடைய மைத்துனரும் இருந்தார்கள்.

அத்தான் பேரம் பேச வாய் திறக்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்து அக்காவின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி வெங்கடாசலபதி காந்தத்தை எடுத்தார். பழைய காரின் துருவைப் பட்டி பூசி மறைப்பார்கள். தகடு இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்கும், பட்டியில் பிடிக்காது. ஸ்பிட்ஃபயருக்கு உயிர்நிலை, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பட்டை. அங்கே பெருமாள் நிற்காமல் கீழே விழுந்தார். விற்பவர் 14 லட்சத்திலிருந்து 13-க்கு வந்தார். பின்சக்கர வளைவில் மறுபடி விழுந்தார், 12. டிக்கிக்குப் பக்கத்தில் விழுந்தபோது விற்பவரே பயபக்தியுடன் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஒன்பதரைக்குப் படிந்தது.

அதற்கும் முன்னால் இன்னொரு பரீட்சை இருந்தது. இந்த ஊரில் பழைய ஆங்கிலேயக் கார்களுக்குள் எந்த இன்ஜின் குடியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பிட்ஃபயரின் 1296 சிசி இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் ஹெரால்டின் 948 சிசி உட்கார்ந்திருந்தால், போர்விமானம் மாதவரம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும், விலையும் பாதியாகும். மார்க் 3 என்றால் இன்ஜின் எண் எஃப்.டி. என்று தொடங்க வேண்டும். அத்தான் கரியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, “எஃப்.டி. இருக்கு! எஃப்.டி. அப்படியே இருக்கு!” என்று போனில் எனக்குக் கத்தியது அக்கா காதிலும் விழுந்திருக்கிறது. அக்கா வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் உலகத்தில் எஃப்.டி.க்கு ஒரே அர்த்தம்தான்.

வாங்கிய மறுநாளிலிருந்து அந்தக் காருக்கு விலை ஒன்றாக இல்லை. அக்காவிடம் இரண்டரை லட்சம். சக காரபிமானிகளிடம், “அதுக்கெல்லாம் விலை சொல்ல முடியுமா சார்?” கூடவே, 2022-ல் ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே 13.5 கோடி யூரோவுக்கு விற்ற கதை. அதாவது ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த வண்டி உலகத்திலேயே இரண்டுதான் என்பதையும், ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கு மேல் தயாரானது என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல அத்தான் விரும்புவதில்லை. “சென்னையில எத்தனை இருக்கு, அதைச் சொல்லு” என்பார்.

இன்ஷூரன்ஸுக்குத்தான் ஒரே ஓர் எண்ணாக எழுதித் தர வேண்டியிருந்தது. அலுவலகத்துப் பெண் கணினியில் ட்ரையம்ப் என்று தட்டினார். மோட்டார் சைக்கிள்கள் வந்தன. “சார், பைக்கா?” அத்தான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நம் நாட்டில் காருக்குக் காப்பீட்டு மதிப்பு போட ஓர் அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழியும். ஐந்தாம் வருடம் பாதி போய்விடும். அதற்கு மேல் போனால் நிறுவனமும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். இழப்பீட்டில் உதிரிப் பாகங்களுக்கும் வயதுக் கழிவு உண்டு: பத்து வருடம் தாண்டினால் இரும்புக்குப் பாதி, ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் எப்போதுமே பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிவே கிடையாது. அரசாங்கக் கணக்கில் உலகத்தில் மூப்படையாத பொருள் அது ஒன்றுதான். “அப்போ முழு வண்டியும் போச்சுன்னா கண்ணாடிக்கு மட்டும் முழுசாத் தருவாங்களா?” என்று கேட்ட அத்தானுக்கு, ஒப்புக்கொண்ட மதிப்பு என்று ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்கள். சர்வேயர் வந்து பார்த்து மதிப்பு எழுதுவார். முழுதாகப் போனால் அந்தத் தொகை.

சர்வேயர் வந்தார். காகிதத்தை வைத்துச் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார், படம் பிடித்தார், காபி குடித்தார். திருப்பத்தில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் இந்த வண்டியின் பின்சக்கரம் உள்ளுக்கு மடங்கும் என்பதை அவரும் கேட்கவில்லை, அத்தானும் சொல்லவில்லை. இங்கிலாந்து ஏல விலை, சுங்க வரி, கப்பல் கூலி, ரிப்பேர் ரசீது எல்லாவற்றையும் அத்தான் அடுக்கினார். 16 லட்சம் என்று முடிவாயிற்று.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் விண்டேஜ் பதிவும் வாங்கினார். 2021-ல் வந்த விதி. கட்டணம் 20,000 ரூபாய், புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்து. மூன்றாம் நபர் காப்பீட்டில் பாதி தள்ளுபடியும் உண்டு, ஏனென்றால் இத்தகைய வண்டி தெருவுக்கே வராது என்பது நம்பிக்கை. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல், இவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம். அத்தான் சட்டத்தை மதிப்பவர். ஞாயிறுதோறும் பெட்ரோல் போடத்தான் போவார், நானும் கூடப் போவேன். அவருக்குப் பிடித்த பங்க் மாமல்லபுரத்தில் இருக்கிறது.

பாலிசி விண்ணப்பத்தில் அலைபேசி எண் கேட்ட இடத்தில், தனக்குப் பிடிஎஃப் திறக்கத் தெரியாது என்பதால் அக்காவின் எண்ணைக் கொடுத்திருந்தார்.

“ஏங்க, ரெண்டரைக்கு வாங்கினதைப் பதினாறுன்னு எழுதியிருக்காங்களே. பதிமூணரை லட்சம் லாபம். வித்துடலாமா?”

அத்தான் என்னைப் பார்த்தார். பதினாறு நிஜம் என்றால் விற்க வேண்டும். பொய் என்றால் பாலிசி செல்லாது. ஒன்பதரை என்ற மூன்றாவது எண்ணைச் சொன்னால், மீதி ஏழு எங்கிருந்து வந்தது என்ற நான்காவது கேள்வி வரும்.

“எஃப்.டி. அப்படியே இருக்குன்னு கத்தினீங்களே, அதை முந்தின நாளே உடைச்சாச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துடுச்சு. ஜாயின்ட் அக்கவுண்ட்டுங்க அது” என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “பாதி வண்டி என்னோடது. ஞாயித்துக்கிழமை பெட்ரோல் போட நான் வரேன். டேய், நீ வேணா பஸ்ல வந்துடு.”