பொறி தெறிக்கும் முகூர்த்தம்: ஓர் ஆய்வு

நேரத்துக்கு வருவதே ஒழுக்கம் என்று பள்ளிக்கூட மணி முதல் அலுவலக வருகைப் பதிவேடு வரை நமக்குப் போதித்து வந்திருக்கின்றன. இக்கோட்பாடு பிழை என்பதை அம்பாசடர் காரின் பெட்ரோல் எஞ்சினைச் சான்றாகக் கொண்டு நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். பிஸ்டன் உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும் என்றுதான் பாமர மனம் நினைக்கும். அப்படி வைத்தால் வண்டி இழுக்காது, பெட்ரோலைக் குடிக்கும், சூடேறும். சிலிண்டருக்குள் இருக்கும் கலவை எரிந்து அழுத்தம் ஏறக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். கிராங்க்கோ காத்திருக்காது, நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் 18 டிகிரி திரும்பிவிடும். எனவே உச்சிக்குச் சில டிகிரி முன்பே பொறி விழுந்தால்தான் பிஸ்டன் இறங்கத் தொடங்கும்போது முழு அழுத்தமும் அதன் தலையில் விழும். சரியாக நேரத்துக்கு வந்த பொறி, தாமதமாக வந்த பொறியே.

இதைக் கண்ணால் காண டைமிங் லைட் உதவுகிறது. பாயின்ட் கேப் மாறினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, புல்லியில் உள்ள வெட்டில் சாக்பீஸைத் தேய்த்து, லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டி, எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட வேண்டும். பொறி விழும்போதெல்லாம் லைட் மின்னுவதால், சுழலும் வெட்டு, எஞ்சினில் பொருத்திய குறிமுள்ளுக்கருகே அசையாமல் நிற்பதாகத் தெரியும். வெட்டு உரிய இடத்தில் இல்லையென்றால் கிளாம்பைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வேண்டும். அதை ஒரு டிகிரி திருப்பினால் கிராங்க் கணக்கில் இரண்டு டிகிரி மாறும், ஏனெனில் அதன் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஒன்றரை மணி நேர ராகு காலத்தைப் பஞ்சாங்கம் பார்த்துத் தவிர்க்கும் சமூகம், இந்த முகூர்த்தத்தை மட்டும் குத்துமதிப்பாகக் குறிப்பது வியப்புக்குரியது.

இனிப் பரபக்கம். காது போதும், லைட் எதற்கு என்பார் சிலர். பொறி மிகவும் முந்தினால் மேட்டில் ஏறும்போது கேட்கும் தட்டலைக் காது கண்டுபிடிக்கும். அதிவேகத்தில் எஞ்சின் இரைச்சலுக்குள் புதையும் தட்டல் காதுக்கு எட்டாது, பிஸ்டனைத்தான் பதம்பார்க்கும். முந்துவது நல்லதென்றால் இன்னும் முந்தலாமே என்பார் வேறு சிலர். அளவுமீறி முந்திய பொறி, ஏறிவரும் பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளும். எவ்வளவு முந்துவது என்பதும் வேகத்துக்கேற்ப மாறும். அதற்காகவே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைக்கட்டிகள் சுழல்கின்றன. புதிய கார்களில் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. அதுவும் கிராங்க் சென்சாரைக் கேட்டு, பெரும்பாலும் உச்சிக்கு முன்னரே பொறியை அனுப்புகிறது. மாறியது ஆள், கொள்கை அல்ல.

ஆகவே அம்பாசடர் வைத்திருப்போர் பாயின்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் டைமிங்கையும் பார்த்துவிடுவது நலம். பார்க்கும்போது தோளில் துண்டு வேண்டாம், கை தள்ளியே இருக்கட்டும். அந்த ஒளியில் விசிறியும் நிற்பதுபோலத் தோன்றலாம், அது நிற்கவில்லை.