ஓய்வுச்சாமி

கார்த்திகை தீபத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து நடையாகக் கிளம்பும் கூட்டம், செய்யாறு தாண்டி ஆரணிக்கு வருவதற்குள் பாதிப் பேருக்குக் கால் பழுத்துவிடும். திருவண்ணாமலைக்கு இன்னும் சுமார் 60 கிலோமீட்டர். பக்கத்து முள்ளிப்பட்டில் தெரிந்த தறிக்காரர் வீட்டில் ஒரு நாள் தங்கலாம் என்று யாராவது ஒருவர் பேச்சை எடுப்பார். எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அவர்தான் ஓய்வுச்சாமி.

நடக்கிற நாளில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். கூட்டம் ஒரு ஊரைக் கடக்கும்போது அவர் முந்தின ஊர் டீக்கடை பெஞ்சில் இருப்பார். ஓய்வு நாளில்தான் அவருக்குக் கை கால் ஓடும். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, தூங்குகிறவர்களை ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பி, "நல்லா ரெஸ்ட் எடுங்க சாமி" என்பார்.

அடுத்தது கொப்புளப் பரிசோதனை. திண்ணையில் நீட்டிய கால்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார். "இதெல்லாம் ஒரு கொப்புளமா? போன வருசம் எனக்கு வந்தது எலுமிச்சம்பழம் சைஸு!" பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: "அக்கா, ஊசி நூல் இருக்குதா? சரிகை வேணாம், பட்டு போதும்."

கொப்புளத்தைக் குத்தி நூலை உள்ளேயே விட்டுவைத்தால் நீர் வடியும் என்பது நடைக்காரர்கள் வைத்தியம். சீழ் பிடிக்கும், செய்யாதே என்பது டாக்டர்கள் கட்சி. ஓய்வுச்சாமியின் பதில் ஒன்றுதான்: "டாக்டரை நடந்து வரச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்."

விரதக்காரர், ஒரு பொழுதுதான் சாப்பாடு. இட்லி அதில் சேராது, அது பலகாரம். பொங்கல் பிரசாதம். சுண்டல் சாமிக்குப் படைத்தது. மதியம் அந்த ஒரு பொழுது வரும்போது, ஆரணி அரிசிச் சோற்றை அவமதிக்கக் கூடாது என்று மூன்றாம் முறையும் தட்டை நீட்டுவார். அக்கா எதுவும் சொல்வதில்லை. அடுப்பில் மறுபடி உலை வைப்பாள்.

சாப்பிட்டதும் தறி பக்கம் வருவார். கார்த்திகை மழையில் தெருவில் பாவு நூலை நீட்ட முடியாது, ஈரத்தில் இழையும் சொன்ன பேச்சு கேட்காது. வீட்டுக்காரர் ஏற்கெனவே நொந்துபோய் உட்கார்ந்திருப்பார். "எங்க காஞ்சிபுரத்துல கோர்வை போடுவோம். மூணு நாடா, பக்கத்துல கை கொடுக்க ஒரு ஆளு. உங்க ஆரணிப் புடவை லேசு, இல்லீங்களா?" பிறந்ததிலிருந்து தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்த மனிதர், "ஆமாங்க சாமி" என்பார். அந்த 'ஆமாங்க'வில் இருக்கும் பொறுமைக்கே ஒரு தீபம் ஏற்றலாம். ஜக்கார்டு மோட்டாரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாமி தன் செல்போனைச் சார்ஜ் போட்டிருப்பதை அவர் இன்னும் கவனித்திருக்கமாட்டார்.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பாதை என்று சுமார் 3,500 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அங்கேயும் வழியில் சிலர் நடையாளிகளை வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுகிறார்கள். அங்கேயும் ஓய்வுச்சாமி இருப்பார், சந்தேகமே வேண்டாம். ஸ்பெயின்காரர்கள் உஷார்: சந்தியாகோவுக்கு நடக்கும் யாத்திரிகர்களைப் பெரும்பாலான சத்திரங்களில் உடம்பு சரியில்லை என்றாலொழிய ஒரு ராத்திரிக்கு மேல் தங்கவிடுவதில்லை. முள்ளிப்பட்டு அக்காவுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

சாயங்காலம் "நாளைக்குப் போளூர் போயிடலாமா சாமி?" என்று யாராவது கேட்டால், ஓய்வுச்சாமி முகம் மாறும். மழை வரும் போலிருக்கிறது என்பார். திருவண்ணாமலையில் கிரிவலம் வேறு 14 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது, காலைக் காப்பாற்ற வேண்டாமா என்பார். சொல்லிக்கொண்டே, துவைத்த காவி வேட்டியைக் காயப்போட இடம் தேடுவார். வெளியே தூறல். உள்ளே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டிய மாம்பழ மஞ்சள் பாவு. கொடி மாதிரியே இருக்கும்.

அக்கா அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கால் பழுத்தவர்கள் உட்பட மொத்தக் கூட்டமும் ராத்திரியே போளூர் ரோட்டில் நடந்தது. சாமிதான் முன்னால்.

தறி இருக்கிற வீட்டில் தங்கப் போகிறவர்களே, ஈர வேட்டியைத் திண்ணையில் போடுங்கள்.