இழுத்துக் கட்டிய கதை

எங்கள் வீட்டில் நேராக இருக்கும் பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புத்தக அலமாரியின் பலகை நடுவில் தொய்ந்து, அகராதியும் கலைக்களஞ்சியமும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன. பார்க்க வந்த ஆசாரி, "நீளம் ஜாஸ்தி சார், நடுவுல ஒரு முட்டு கொடுத்திருக்கணும்" என்றார். கணக்கும் அவர் பக்கம்தான். அதே கனப் பலகையை இரண்டு மடங்கு நீளமாகப் போட்டு முழுக்கப் புத்தகம் அடுக்கினால், தொய்வு 16 மடங்காகிவிடும். கனத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். இதை மனைவியிடம் விளக்கினேன். "புத்தகத்தைப் பாதியாக்கினா?" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

அடுத்த பஞ்சாயத்து, மொட்டை மாடித் துணிக்கொடி. "இழுத்துக் கட்டுடா, வேட்டி தரையைக் கூட்டுது" என்பது அப்பாவின் நிரந்தர உத்தரவு. சுவரில் காலை முட்டுக் கொடுத்து நைலான் கயிற்றை இழுப்பேன். ஈரப் போர்வை ஏறியதும் கொடி பழையபடி இளிக்கும். தொய்வைப் பாதியாக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். அடியோடு நேராக்க எந்தப் பயில்வானாலும் முடியாது. கொக்கிதான் பெயர்ந்து கையோடு வரும்.

இந்தத் தொங்கல் விவகாரம் கணித மேதைகளையே, அதிலும் ஓர் அண்ணன் தம்பியையே, மல்லுக்கட்ட வைத்திருக்கிறது. தொங்கும் சங்கிலி ஏறக்குறைய பரவளையம் என்று 1638இல் கலிலியோ எழுதினார். பரவளையமே இல்லை என்று பதினேழு வயதில் நிறுவினார் ஹைகன்ஸ். அப்படியானால் அது என்ன வளைவு என்று 1690இல் சவால் விட்டார் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் பெர்னூலி. மறு ஆண்டே லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யாக்கோப்பின் தம்பி யோகான் மூவரும் விடை சொன்னார்கள். கேள்வி கேட்ட அண்ணனுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. அண்ணன் இறந்து 13 ஆண்டு கழித்து, 1718இல்கூட, ஓர் இரவுத் தூக்கத்தைத் தொலைத்துத் தானே கண்டுபிடித்ததாகக் கடிதம் எழுதிப் பீற்றிக்கொண்டார் தம்பி.

அப்பாவிடம் பெர்னூலி எடுபடவில்லை. தெருக் கம்பத்தில் ஏறிய லைன்மேனிடமும் அதே உத்தரவைப் போட்டார்: "கம்பி தொங்குது, இழுத்துக் கட்டுப்பா."

"விறைப்பா இழுத்தா குளிர்ல சுருங்கி அறுந்துடும் ஐயா. வெயில் காலத்துல நீண்டு இன்னும் தொங்கும். ரெண்டையும் கணக்குப் பண்ணித்தான் தொய்வு விட்டிருக்கோம்" என்றார் அவர்.

அப்பா கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தார். "அரசாங்க வேலையில தொய்வு இருக்கும்னு தெரியும். அதுக்கு ஒரு கணக்கு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது!"