வீட்டில் இல்லாத அறைக்கு ஒரு பூட்டு

மல்லேஸ்வரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பஸ்தனுக்குத் தனி அறை என்பது கடவுள் சமாச்சாரம். இருக்கிறது என்பார்கள், பார்த்தவர் கிடையாது. எங்கள் வீட்டில் ஓர் அறை மாமனார் மாமியாருக்கு. இன்னொன்று, எப்போதும் ஏதோ ஒரு என்ட்ரன்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு. மூன்றாவது துணி உலர்த்தும் ஸ்டாண்டுக்கு. அதன் ஓரமாக நானும் மனைவியும் படுத்துக்கொள்கிறோம். பெரிய வீட்டுக்குப் போகலாமென்றால் சம்பிகே ரோடு பக்கம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். வெப் ஹோஸ்டிங்காரனோ வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் எத்தனை சப்டொமைன் வேண்டுமானாலும் திறந்துகொள் என்கிறான். அட்வான்ஸ் கிடையாது. வெஜிடேரியனா என்றுகூடக் கேட்கவில்லை. வாங்கிப் போட்டேன்.

நம் தபால்காரர் விலாசத்தைக் கீழிருந்து படிக்கிறார்: முதலில் 560003, அப்புறம் ரோடு, அப்புறம் கிராஸ், கடைசியில் எந்த மாடி என்று. கம்ப்யூட்டரும் அப்படித்தான், டொமைன் பெயரை வலக்கோடியிலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறது. டி.என்.எஸ். என்று 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த ஏற்பாடு. பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் ஒரு புள்ளியும் சேர்த்தால் சப்டொமைன். ஓனரைக் கேட்காமல் மாடி எழுப்பும் சுகம் அதில் உண்டு.

ஹோஸ்டிங்காரன் தரும் சி-பேனல் என்ற பக்கத்தில் பெயரை அடித்து பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது. தமிழிலேயே பெயர் வைக்க ஆசைப்பட்டேன். டி.என்.எஸ். தமிழை அப்படியே விழுங்காது, பியூனிகோட் என்ற முறையில் ‘எக்ஸ்.என்.’ என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் குவியலாக்கிவிடும். ‘சமையல்’ அப்படி ஆனதைப் பார்த்த மாமியார், “மாப்பிள்ளை, இது வைரஸா?” என்றார். சரியென்று ஆங்கில எழுத்திலேயே சமையல், மெடிக்கல், ஆல்பம் என மூன்று திறந்தேன். நான் திறக்கும் முன்பே மாமனார் அவசரப்பட்டு முகவரியைத் தட்டிப் பார்த்திருந்தார். ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதிலையும் டி.என்.எஸ். கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். அதுவரை ரெஃப்ரெஷ் அழுத்திக்கொண்டே இருந்தார். பேங்கில் இருந்த காலத்தில் ஊரையே கவுன்டரில் காக்கவைத்தவர், இப்போது அவர் முறை.

நான்காவது எனக்கு: ‘கணக்கு’. சீட்டுப் பணம், தங்கைக்குக் கொடுத்த கைமாத்து என, மனைவிக்குத் தெரியாது என்று நானும், தனக்குத் தெரியாது என்று அவளும் நடித்துக்கொண்டிருக்கும் விவரங்கள். அதற்குப் பூட்டு வேண்டாமா? ‘டைரக்டரி பிரைவசி’ என்ற இடத்தில் ஃபோல்டரைக் காட்டி, டிக் போட்டு, யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும். ‘.எச்டிஅக்சஸ்’ என்ற ஃபைலில் நாலு வரி ஏறிவிடும். பாஸ்வேர்டை ஹாஷ் செய்து வேறோர் இடத்தில் வைத்துவிடும். முன்னால் புள்ளி இருப்பதால் அந்த ஃபைலே சாதாரணமாகக் கண்ணில் படாது. இந்த வீட்டில் அப்படி இருக்க எனக்குக் கொடுப்பினை இல்லை. ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்று கம்பீரமாக ஒரு தலைப்பும் வைத்தேன். குரோம் அதைக் காட்டுவதில்லை. என் சொல்லை என்ன செய்ய வேண்டும் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

ஒரு நுணுக்கம். தாய் ஃபோல்டருக்குப் பூட்டு போட்டால் அதற்குள் இருக்கும் பிள்ளை ஃபோல்டர்களுக்கும் அது விழும். முன்வாசலான ‘பப்ளிக் எச்.டி.எம்.எல்.’லைச் சாத்தினால், உள்ளே குடியிருக்கும் மாமியாரின் மோர்க்குழம்பும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மாமியாரோடு இருப்பவனுக்குக் கற்பனையே போதும்.

இந்தப் பூட்டு பாஸ்வேர்டை ‘பேஸ் 64’ என்ற பொட்டலத்தில் கட்டித்தான் அனுப்புகிறது. வழியில் யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆகவே எஸ்.எஸ்.எல். சான்றிதழ் அவசியம். இலவசமாகவே கிடைத்தது. அங்கேதான் வினை. இப்போதெல்லாம் இப்படி வழங்கும் சான்றிதழ்களை, அவற்றில் உள்ள பெயர்களோடு, பொதுப் பேரேட்டில் பதிந்துவிடுகிறார்கள். மோசடிச் சான்றிதழைப் பிடிக்க நல்ல ஏற்பாடு, குடும்பத்துக்குத்தான் ஆகாது. மகள் போனில் தேடிவிட்டு, “அப்பா, கணக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கீங்களா?” என்றாள், ஹால் முழுக்கக் கேட்கும்படி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று இருக்கிறது என்று உலகத்துக்கே தெரியும். ஒரு மனைவிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாஸ்வேர்டின் பூர்விகமும் இப்படித்தான். எம்.ஐ.டி.யில் 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்குக் கம்ப்யூட்டரில் ஒதுக்கிய வாரம் 4 மணி நேரம் போதாமல், எல்லோருடைய பாஸ்வேர்டையும் பிரின்ட் எடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் பிரின்டர் செலவுகூட ஆகவில்லை. “ஏங்க, நான் பார்க்கக்கூடாத கணக்கா?” என்ற ஒரே கேள்வியில் காரியம் முடிந்தது.

இதையெல்லாம் பார்த்த மாமனார் ரகசியமாக என்னை பால்கனிக்கு அழைத்துப்போனார். அவருடைய மெடிக்கலுக்கும் பூட்டு வேண்டுமாம். காலை வாக்கிங்கில் மார்கோசா ரோடு பக்கம் நின்று சாப்பிடும் பெண்ணெ தோசை, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. பூட்டினேன். மறந்துவிடும் என்று பாஸ்வேர்டைத் தினசரி காலண்டர் தாளில் எழுதிவைத்தார். விடிந்ததும் மாமியார் வழக்கம்போலத் தாளைக் கிழித்தார். பாஸ்வேர்டைச் சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-லேயே சொல்லிவிட்டது, எங்கள் காலண்டருக்கு அது எட்டவில்லை. மாமனார் சளைக்காமல் அடுத்ததைக் காலண்டர் அட்டையிலேயே, முருகன் படத்துக்குக் கீழே, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினார். மாமியார் தினமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் இடம் அது.

நேற்று சாப்பிட்டு முடித்ததும் மாமனார் என் காதருகே வந்தார். “மாப்பிள்ளை, யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு நினைக்கிறேன். கொஞ்ச நாளா என் தோசையில மட்டும் எண்ணெயே காணோம்.”