மொட்டைக் கடுதாசியின் மகிமை

சிறு குழுக்கள் வளர நன்கொடை வேண்டும், அரங்கு வேண்டும் என்பார்கள். கிண்டிக் காட்டில் வெட்டித் தந்த நிலத்தில் நிற்கும் சென்னை ஐ.ஐ.டி. இன்னும் சிக்கனமான வழி கண்டது: தடை.

2014 ஏப்ரல் 14 அன்று அங்கே சில மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். கூடிப் பேசுவார்கள், துண்டறிக்கை கொடுப்பார்கள். வளாகத்து மான்களுக்குக்கூட அவர்களைத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அடுத்த ஆண்டு யாரோ ஒரு புண்ணியவான் டெல்லிக்கு மொட்டைக் கடுதாசி போட்டார். மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் நிர்வாகத்தின் கருத்தைக் கேட்டது. மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் போயிற்று. அவ்வளவுதான்! வாசலில் போராட்டம், தொலைக்காட்சியில் விவாதம், வேறு ஐ.ஐ.டி.களிலும் இதே பாணியில் புது வட்டங்கள். ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பி வந்துவிட்டது. (பட்டாவில் பெயர் மாற்றவே இதைவிட அதிக நாள் ஆகும்.)

பத்து வருடம் துண்டறிக்கை கொடுத்தாலும் வராத விளம்பரம், கையெழுத்தே இல்லாத ஒரு காகிதத்தால் வந்தது.

ஆகவே, இத்தகைய குழுக்களைப் பிடிக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டத்துக்கு நேரில் போங்கள், கேள்வி கேளுங்கள், சண்டை போடுங்கள். டெல்லிக்கு மட்டும் எழுதாதீர்கள்.